சர்வருக்குள் உறங்காத சிறு கணிப்பொறி

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ‘பரம் பிரவேகா’ என்னும் மீக்கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் அமைக்கப்பெற்ற இதன் உச்ச வேகம் 3.3 பெட்டாஃப்ளாப் ஆகும். அதாவது ஒரு விநாடியில் ஏறத்தாழ 3,300 லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யவல்லது. பெயர் ஒன்றாயினும் இது ஒரே இயந்திரம் அன்று. தனித்தனியே செயலியும் நினைவகமும் கொண்ட 624 கணுக்கள் ஒன்றாகப் பிணைக்கப்பெற்ற தொகுதியே பரம் பிரவேகா. அவற்றுள் 428 சாதாரணக் கணுக்கள். 156 மிகுந்த நினைவகம் உடையவை. 40 வரைகலைச் செயலி பொருத்தப்பெற்றவை.

வானிலை ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு பெரிய கணிப்பைக் கொடுத்தால், அது பல கணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். சில கணிப்புகள் நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இடையில் ஒரு கணு நின்றுவிட்டால், மற்றவை அதன் விடையை எதிர்பார்த்துத் தேங்கி நிற்கும்; பெரும்பாலும் கணிப்பு முழுவதுமே முறிந்துபோகும். இடைநிலைகளைச் சேமித்து வைத்திராவிடில், பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. நூற்றுக்கணக்கான கணுக்களில் எதன் உஷ்ணநிலை ஏறுகிறது, எதன் மின்னழுத்தம் தளர்கிறது, எது பேச்சுமூச்சின்றிக் கிடக்கிறது என்பதை அறிபவர் யார்? நள்ளிரவில் ஒருவர் விளக்குடன் ஒவ்வோர் அடுக்காகப் பார்த்து வருவது இயலாத காரியம். அவ்வேலையைச் செய்வதற்கென்றே ஒவ்வொரு சர்வரின் பலகையிலும் மற்றொரு சிறு கணிப்பொறி அமைந்திருக்கிறது. அதற்கு சர்வீஸ் பிராசஸர், அதாவது சேவைச் செயலி என்று பெயர். பிஎம்சி என்றும் அதனைக் குறிப்பர்.

விண்கலமும் சர்வரும்

சேவைச் செயலியின் தத்துவத்தை விளக்கப் பெங்களூரிலேயே நல்லதோர் உவமை கிடைக்கிறது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தொலை அளவீடு, தடமறிதல், கட்டளை வலையமைப்பான இஸ்ட்ராக்கின் தலைமையிடம் அந்நகரில்தான் உள்ளது. நகருக்கு வெளியே பியாலாலு என்னும் சிற்றூரில் 32 மீட்டர் விட்டமுள்ள பெரிய அலைவாங்கி நிற்கிறது. 2008-ஆம் ஆண்டில் சந்திரயான்-1 செலுத்தப்பட்டபோது பயன்படத் தொடங்கிய அமைப்பு இது.

விண்கலத்தில் இருவகைப் பணிகள் நடைபெறுகின்றன. படம் எடுத்தல், அளவைகள் செய்தல் ஆகியவை அதன் நோக்கத்திற்குரிய பணிகள். தன் உஷ்ணநிலை என்ன, மின்கலத்தின் நிலை என்ன என்று பூமிக்குத் தெரிவிப்பதும், பூமியிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்பதும் இரண்டாவது வகை. முதலாவது பழுதுபட்டாலும் இரண்டாவது உயிருடன் இருத்தல் வேண்டும். அப்போதுதான் கலத்தை மீட்க வழியுண்டு. நேரில் சென்று திறந்து பார்ப்பதற்கு அங்கே ஆளில்லை.

சர்வரின் நிலையும் இதுவே. கணக்கிடுதல் அதன் முதற்பணி. தன் உடல்நிலையைத் தெரிவிப்பதும், ‘எழு’, ‘உறங்கு’, ‘மறுபடி தொடங்கு’ என்னும் கட்டளைகளை ஏற்பதும் சேவைச் செயலியின் பணி. பிரதான செயலி ஸ்தம்பித்தாலும், வட்டு அழிந்தாலும், இயக்க மென்பொருளே இல்லாவிடினும் சேவைச் செயலி பதில் கூறும்.

உள்ளமைப்பு

இது எவ்வாறு சாத்தியமாகிறது? சர்வரின் மின்கம்பி இணைப்பில் செருகப்பட்டவுடனேயே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, சிறிதளவு மின்சாரம் பலகைக்குச் செல்கிறது. இதனைக் காத்திருப்பு மின்சாரம் என்பர். சேவைச் செயலிக்கு இதுவே போதும். அதற்கென்று தனிச் செயலி, தனி நினைவகம், தனி மென்பொருள், பல சர்வர்களில் தனி வலையமைப்புத் துளை ஆகியவையும் உண்டு. சர்வர் அணைந்திருப்பதாக நாம் எண்ணும் நேரத்திலும் அது விழித்திருக்கிறது.

பலகையின் பல இடங்களில் உள்ள உணரிகள் பெரும்பாலும் ஐ-ஸ்கொயர்-சி என்னும் இருகம்பி இணைப்பின் வழியாக அதனுடன் பேசுகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. விசிறி ஒவ்வொரு சுற்றிலும் அனுப்பும் துடிப்புகளை எண்ணி, நிமிஷத்திற்கு எத்தனை சுற்று என்று அது கணக்கிடுகிறது. மின்பொத்தானின் கம்பியும் அதன் கையில் இருக்கிறது. ஆகையால் தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கேற்ப, விரல் படாமலே பொத்தானை ‘அழுத்த’ அதனால் இயலும்.

ஒவ்வோர் உணரிக்கும் எல்லை அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. மேற்பக்கம் மூன்று, கீழ்ப்பக்கம் மூன்று என ஆறு படிகள் வரை இருக்கலாம்: கவனிக்கத்தக்க நிலை, ஆபத்தான நிலை, மீட்க இயலாத நிலை. எல்லை கடக்கப்படும்போது அச்செய்தி நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட் இடமே. ஆயினும் பழுதுக்குப்பின் கிடைக்கும் முதல் சாட்சியம் பெரும்பாலும் இப்பதிவேடுதான்.

பொது மொழி

ஆதியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவைச் செயலிக்குத் தனித்தனி மொழியை வகுத்துக்கொண்டது. பலவகைச் சர்வர்களை வாங்கும் நிலையங்களுக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது. இன்டெல், டெல், ஹியூலெட்-பேக்கார்ட், என்ஈசி ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி 1998-இல் ஐபிஎம்ஐ என்னும் பொது விதித்தொகுப்பை வெளியிட்டன. 2001-இல் வந்த 1.5-ஆம் பதிப்பு, வலையமைப்பின் வழியே கட்டளையிடும் வசதியைச் சேர்த்தது. 2004-இல் வந்த 2.0-ஆம் பதிப்பு, மறையாக்கத்தையும், சர்வரின் எழுத்துத்திரையைத் தொலைவிலிருந்து காணும் முறையையும் அளித்தது.

2015-ஆம் ஆண்டில் டிஎம்டிஎஃப் என்னும் தரநிர்ணய அமைப்பு ‘ரெட்ஃபிஷ்’ என்ற புதிய விதித்தொகுப்பை வெளியிட்டது. இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் முறையிலேயே இது பேசுகிறது. விடைகள் மனிதரும் படிக்கத்தக்க ஜேசன் வடிவில் வருகின்றன. புதிய சர்வர்கள் பலவற்றில் வலையமைப்பு வழி ஐபிஎம்ஐ முதலில் அணைக்கப்பட்டே வருகிறது; தேவையானால் மட்டும் திறந்துகொள்ளலாம். டெல் நிறுவனத்தின் ஐடிராக், எச்பிஇ நிறுவனத்தின் ஐலோ, ஆரக்கிளின் ஐலாம் என்று பெயர்கள் வேறுபட்டாலும் தத்துவம் ஒன்றே.

படமும் கட்டளையும்

சேவைச் செயலியை இருவழிகளில் அணுகலாம். ஒன்று வரைகலை முகப்பு, மற்றொன்று கட்டளைவரி. இரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவதைவிட, எதற்கு எது தக்கது என்று அறிவதே பயனுடையது.

வரைகலை முகப்பில், சாதாரண இணைய உலாவியில் முகவரியை இட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் சர்வரின் நிலை படமாக விரிகிறது. நலமானவை பச்சையாகவும், பழுதானவை சிவப்பாகவும் தோன்றும். சர்வரின் முன் அமர்ந்தாற்போல் அதன் திரையைக் காணலாம், விசைப்பலகையை இயக்கலாம். தம் மேசையிலுள்ள வட்டுக்கோப்பைத் தொலைவிலுள்ள சர்வரில் செருகிய வட்டுப்போல் காட்டி, இயக்க மென்பொருளை நிறுவலாம். புதியவருக்கும், ஒரு சர்வரை நுணுகிப் பார்ப்பவருக்கும் இதுவே எளிது.

ஆனால் ஒரு சர்வரைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமெனக் கொண்டால், 624 கணுக்களுக்கு 1,248 நிமிஷங்கள், அதாவது 20 மணி 48 நிமிஷம் ஆகும். கடைசிக் கணுவைப் பார்த்து முடிக்குமுன் முதற் கணுவின் நிலை மாறியிருக்கும். கட்டளைவரியின் சிறப்பு இங்கே வெளிப்படுகிறது. கணுக்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைக் கேட்குமாறு சில வரிகளில் ஆணையிட்டால் வேலை தானே நடைபெறும். விடைகள் கோப்பில் சேரும். நேற்றைய கோப்புடன் ஒப்பிடலாம். செய்தது என்ன என்பதை மற்றொருவர் பின்னர் படித்துச் சோதிக்கவும் கூடும். திரையில் சொடுக்கியதற்கு இத்தகைய எழுத்துச் சான்று எளிதில் கிடைப்பதில்லை.

ஐபிஎம்ஐடூல் என்னும் இலவச மென்பொருள் இத்துறையில் நெடுங்காலமாகப் பழக்கமானது. ‘சேஸிஸ் பவர் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் சர்வர் இயங்குகிறதா என்பது தெரியும். ‘சென்சார்’ என்பது உணரிகளின் அளவுகளைத் தரும். ‘செல் லிஸ்ட்’ நிகழ்ச்சிப் பதிவேட்டைக் காட்டும். ‘சோல் ஆக்டிவேட்’ சர்வரின் எழுத்துத்திரையைத் திறக்கும். ‘சேஸிஸ் ஐடென்டிஃபை’ என்றால் அச்சர்வரின் முகப்பிலுள்ள அடையாள விளக்கு எரியும். ஒரே தோற்றமுள்ள நூறு பெட்டிகளுள் எதைக் கழற்ற வேண்டும் என்பதை அறைக்குள் நிற்பவர் தவறின்றி அறியலாம்.

கட்டளைவரியின் வலிமையிலேயே அதன் அபாயமும் அடங்கியிருக்கிறது. திரையில் செய்யும் பிழை ஒரு சர்வரைப் பாதிக்கும். பட்டியலுக்கு இடும் பிழையான கட்டளை பட்டியல் முழுவதையும் பாதிக்கும். எனவே மாற்றம் விளைக்கும் எந்தக் கட்டளையையும் முதலில் ஒரு கணுவிலும், பின்னர் பத்துக் கணுக்களிலும், அதன்பின்னரே அனைத்திலும் இடுவது நல்வழக்கம். பார்ப்பதற்குரிய கட்டளையையும் மாற்றுவதற்குரிய கட்டளையையும் ஒரே கோப்பில் கலந்து எழுதாதிருத்தலும் நன்று.

ஓர் உதாரணம்

ஒரு கணு பதில் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயனாளர் அவசரப்படுகிறார். உடனே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்க மனம் தூண்டும். அனுபவமுள்ள பராமரிப்பாளர் அவ்வாறு செய்வதில்லை.

அவர் முதலில் மின்நிலையைக் கேட்கிறார். ‘இயங்குகிறது’ என்று விடை வருகிறது. அடுத்து உணரிகளைப் பார்க்கிறார். உஷ்ணமும் மின்னழுத்தமும் வரம்புக்குள் இருக்கின்றன. பின்பு பதிவேட்டைப் படிக்கிறார். நினைவகத்தின் ஒரு துண்டில் திருத்தக்கூடிய பிழைகள் சில நாட்களாகப் பெருகி, இறுதியில் திருத்த இயலாத பிழை நேர்ந்திருப்பது தெரிகிறது. எழுத்துத்திரையைத் திறந்து கடைசிச் செய்திகளைக் குறித்துக்கொள்கிறார். இவையனைத்தையும் கோப்பில் சேமித்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்கிறார்.

நிறுத்துவதிலும் தரவேற்றுமை உண்டு. ‘சாஃப்ட்’ என்னும் கட்டளை, ஒழுங்காக மூடிக்கொள்ளுமாறு இயக்க மென்பொருளை வேண்டுகிறது. அது கேட்கும் நிலையில் இருந்தால் கோப்புகளை எழுதி முடித்து அணையும். ‘ஆஃப்’, ‘சைக்கிள்’ ஆகிய கட்டளைகள் மின்சாரத்தையே துண்டிக்கின்றன. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். ஆகவே முதலில் மென்மையான முறையையும், அது பலிக்காதபோது மட்டுமே வன்மையான முறையையும் கையாளுதல் வேண்டும்.

பதிவேட்டைப் பாராமல் மறுதொடக்கம் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கணு மீண்டும் எழுந்திருக்கும்; நலமாகவும் தோன்றியிருக்கும். அடுத்த கணிப்பு அதற்கே ஒதுக்கப்பட்டு, சில நாட்களில் அதுவும் முறிந்திருக்கும். பதிவேட்டைப் படித்தவரோ, அக்கணுவைப் பணியிலிருந்து விலக்கி, பழுதுற்ற துண்டை மாற்றச் சொல்வார். ஐந்து நிமிஷப் பொறுமை, மற்றோர் ஆராய்ச்சியாளரின் பல நாள் உழைப்பைக் காப்பாற்றுகிறது.

சில வேளைகளில் சேவைச் செயலியே மௌனமாகிவிடுவதும் உண்டு. அப்போது சர்வருக்குள்ளிருந்து அதனை மட்டும் மறுதொடக்கம் செய்யலாம். பெரும்பாலான சர்வர்களில் நடந்துகொண்டிருக்கும் கணிப்பு அதனால் தடைப்படாது. இரு கணிப்பொறிகளும் தனித்தனியானவை என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

திறவுகோலைக் காத்தல்

சேவைச் செயலியின் கடவுச்சொல்லை உடையவன், சர்வரின் முன்னால் நிற்பவனுக்கு ஒப்பானவன். அவனால் அணைக்கலாம், வேறொரு வட்டிலிருந்து தொடங்கச் செய்யலாம், தரவை அழிக்கலாம். இயக்க மென்பொருளைப் புதிதாக நிறுவினாலும் சேவைச் செயலிக்குள் புகுந்த தீநிரல் அகலாது.

இது வெறும் கற்பனை அன்று. ஐபிஎம்ஐ 2.0 முறையில், அடையாளத்தை மெய்ப்பிக்குமுன்பே கடவுச்சொல்லைச் சார்ந்த ஒரு சுருக்கக்குறியைச் சேவைச் செயலி கேட்டவருக்கு அளித்துவிடுகிறது. அதனைக் கொண்டுபோய், வேறிடத்தில் ஓய்வாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கக் கூடும். 2013-இல் இது பரவலாக வெளிப்பட்டது. குறை விதித்தொகுப்பிலேயே இருப்பதால், மென்பொருள் திருத்தத்தால் மட்டும் நீங்கவில்லை. 2021 டிசம்பரில், எச்பி சர்வர்களின் ஐலோ செயலிக்குள் ஒளிந்திருந்து வட்டுகளை அழித்த ஒரு தீநிரல் பற்றிய அறிக்கை வெளிவந்தது. மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றால், புதுப்பித்ததுபோல் பாவனை செய்து அது ஏமாற்றியது. 2025-ஆம் ஆண்டில், பல நிறுவனங்களின் சர்வர்களில் பயன்படும் மெகாராக் என்னும் சேவைச்செயலி மென்பொருளில், கடவுச்சொல் இன்றியே நுழைய இடந்தரும் குறை வெளிப்பட்டது. அதன் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை, நடைமுறையில் தாக்குதலுக்குப் பயன்படும் குறைகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் படிப்பினை ஒன்றே. சேவைச் செயலியை இணையத்தின்முன் வைத்தல் ஆகாது. அதற்கெனத் தனி வலையமைப்பு அமைத்து, பராமரிப்பாளரின் கணிப்பொறியிலிருந்து மட்டும் அதனை அணுகச் செய்தல் வேண்டும். பெட்டியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். மென்பொருளின் திருத்தங்களைக் காலந்தவறாது ஏற்ற வேண்டும்.

பணியாளர் கவனிக்க வேண்டியவை

மீக்கணிப்பொறியில் மட்டுமின்றி, மாவட்ட அலுவலகத்திலோ கல்லூரியிலோ தனித்து நிற்கும் சர்வரிலும் சேவைச் செயலி இருக்கலாம். அத்தகைய இடங்களில் உள்ள பணியாளருக்குப் பின்வருவன பயன்படும்.

முதலாவதாக, தனி வலையமைப்புத் துளை எது என்பதை அறிந்து, அதில் உரிய கம்பியையே செருக வேண்டும். சில வகைச் சர்வர்களில் அத்துளை வெறுமையாக இருந்தால், சேவைச் செயலி தானாகவே பொது வலையமைப்புத் துளைக்கு மாறிக்கொள்ளும். இதனை அறியாததால், மூடியிருப்பதாக எண்ணிய கதவு திறந்து கிடக்கும்.

இரண்டாவதாக, அதன் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். நேரம் அமைக்கப்பெறாத செயலி, நிகழ்ச்சிகளை 1970-ஆம் ஆண்டு என்றும் குறிக்கக் கூடும். நேரம் சரியாக இருப்பினும், பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தையே பதிகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதிகாலை 2.30 மணிக்கு நேர்ந்த மின்தடை, பதிவேட்டில் முந்திய நாள் இரவு 9 மணி என்று காணப்படும். இதனை மறந்தால் காரணம் வேறு, காரியம் வேறு என்று மயங்க நேரும்.

மூன்றாவதாக, பதிவேட்டை நகலெடுத்த பின்னரே அழிக்க வேண்டும். ஆனால் அழிக்காமலே விட்டுவிடுவதும் தவறு. நிறைந்துபோன பதிவேட்டில் சில இயந்திரங்கள் புதிய நிகழ்ச்சிகளை எழுதுவதில்லை. நான்காவதாக, பெட்டியைத் திறந்து பழுதுபார்க்குமுன் மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அணைத்த சர்வரிலும் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை முன்னரே கண்டோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. விலையுயர்ந்த சர்வர் இல்லாமலே இதனைக் கற்பிக்கலாம். ஓபன்பிஎம்சி என்பது மூலநிரல் திறந்த சேவைச்செயலி மென்பொருள். 2018 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்து வருகிறது. க்யூஎமு என்னும் இலவசப் போலிப்பொறி மென்பொருளில், ரோமுலஸ் என்ற பலகையைப் பாவித்து இதனைச் சாதாரணக் கணிப்பொறியிலேயே இயக்கலாம். மாணவர் ஒருவர் உலாவியின் வழியேயும், மற்றொருவர் கட்டளைவரியின் வழியேயும் அதே கேள்வியைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னர் இருபது இயந்திரங்களுக்கு அதனைச் செய்யுமாறு பணித்தால், கட்டளைவரியின் பயன் விளக்கமின்றியே புலப்படும்.

பெரிய கணிப்பொறிகளின் பெருமை அவற்றின் வேகத்தால் அளக்கப்படுகிறது. ஆனால் அந்த வேகம் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுவது, கணுக்கள் இடையறாது இயங்கும்போதுதான். அதற்குச் சேவைச் செயலி ஒரு கருவி. அது தரும் செய்தியைப் படிப்பதும், கட்டளையிடுமுன் சிந்திப்பதும், அதன் கதவைக் காப்பதும் மனிதரின் பொறுப்பாகும்.